ஸ்டுட்கார்ட் போகும் தம்பிக்கு: மேட்சை மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பது பற்றி

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நிட்டிங் மிஷின் பயிற்சிக்காக கம்பெனி அவரை செப்டம்பர் கடைசியில் மூன்று வாரம் ஸ்டுட்கார்ட் பக்கம் அனுப்புகிறதாம். சின்ன வயதிலிருந்து ராத்திரி கண்விழித்து டிவியில் ஃபுட்பால் பார்த்தவர், ஜெர்மனி ஆடும் மேட்ச் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிறார். டிக்கெட் எப்படி எடுப்பது, தனியாகப் போனால் பயமில்லையா, என்ன கொண்டுபோக வேண்டும், டிவியில் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது நேரில் போய்ப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டுத் துணி ஆர்டர்களைக் கவனிப்பவராகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர், கூப்பிட்ட ஊருக்கெல்லாம் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், போன ஊரில் அந்த வாரம் மேட்ச் இருந்தால் விட்டதில்லை. அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. முதல் மேட்சுக்குப் பெரிய மேட்சைத் தேடாதீர்கள். உலகக் கோப்பை, யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பை, அதிலும் அரையிறுதி, இறுதி என்று மனசு அலையும், தெரியும். ஆனால் தகுதிச் சுற்று ஆட்டமோ நட்பு ஆட்டமோ, எதிரே லக்சம்பர்க் மாதிரி ஒரு சின்ன நாடு ஆடினாலும் சரி, அதுதான் முதல் தடவைக்குச் சரியான மேட்ச். அங்கே வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அப்பாவும் பிள்ளையும், தாத்தாவும் பேத்தியுமாக வருவார்கள். டிக்கெட் கைக்கு எட்டும் விலையில் இருக்கும். பெரிய தொடர்களில் நல்ல இடங்கள் விளம்பரதாரர்களின் விருந்தினர்களுக்குப் போய்விடுவதால், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு எந்த அணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே தெரியாமல் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலையும் அப்படித்தான். 2024 யூரோவில் குழு ஆட்டத்தின் குறைந்த விலை டிக்கெட் 30 யூரோ, இறுதி ஆட்டத்தின் முதல் வகை டிக்கெட் 1,000 யூரோ. அந்த 1,000 யூரோவில் நீங்கள் பத்துச் சின்ன மேட்ச் பார்த்துவிடலாம், பத்து ஊரையும் பார்த்துவிடலாம்.

உங்களுக்கு நேரமும் நன்றாகவே அமைந்திருக்கிறது. தேசிய அணிகள் நினைத்த நாளில் ஆடுவதில்லை. கிளப் லீக்குகள் எல்லாம் நிறுத்திவைக்கப்படும் சில நாட்கள் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் காலண்டரில் குறித்திருக்கும், அந்த நாட்களில்தான் நாட்டுக்கு நாடு ஆடும். முன்பு செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச், ஜூன் என்று இருந்தது, 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் சேர்த்து, செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை போகும் ஒரே நீண்ட இடைவெளியாக்கி, ஒவ்வொரு அணிக்கும் நான்கு ஆட்டம் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, நீங்கள் அங்கே இருக்கும் மூன்று வாரத்தில் ஏதோ ஒரு ஊரில் மேட்ச் இருக்கும். வெளிநாட்டுப் பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் எப்போதும் இந்தக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி போடுங்கள். நான் பையர் மீட்டிங் தேதி கேட்கும்போதே அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

ஜெர்மனி அணிக்கு என்று ஒரே சொந்த மைதானம் கிடையாது, ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். இங்கிலாந்து மாதிரி பெரும்பாலும் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் என்ற கதை இல்லை. ஸ்டுட்கார்ட்டிலேயே ஏறக்குறைய 60,000 பேர் உட்காரும் மைதானம் இருக்கிறது, மெர்சிடிஸ் மியூசியத்துக்குப் பக்கத்தில், எஸ்1 ரயிலில் நெக்கார்பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். 2025 ஜூனில் ஸ்பெயின் பிரான்ஸை 5-4 என்று வென்ற, ஐரோப்பிய நாடுகள் ஆடும் நேஷன்ஸ் லீக் தொடரின் அரையிறுதி நடந்தது அங்கேதான். உங்கள் தேதியில் அங்கே இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள், ஃப்ராங்ஃபர்ட், மூனிக் எல்லாம் ரயிலில் சில மணி நேரம்தான். சின்ஸ்ஹைம் என்று ஒரு சின்ன ஊர், ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிட்டத்தான், அங்கே 2025 அக்டோபரில் ஜெர்மனி லக்சம்பர்க்கை 4-0 என்று தோற்கடித்த தகுதிச் சுற்று ஆட்டம் நடந்தது. முப்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானம். நான் சின்ன மேட்ச் என்று சொல்வது இந்த மாதிரி மேட்சைத்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசாவான ஷெங்கன் விசாவுக்குள் சுவிட்சர்லாந்தும் அடங்கும், அங்கே பாசலில் ஏதாவது ஆட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். பிசினஸ் விசாவில் போனவர் மேட்ச் பார்க்கலாமா என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது, தாராளமாகப் பார்க்கலாம், அதற்கென்று தனி விசா எதுவும் வேண்டாம். ஆனால் தலைகீழாக நினைத்துவிடாதீர்கள். மேட்ச் டிக்கெட் கையில் இருக்கிறது என்பதற்காக ஷெங்கன் நாடு எதுவும் விசா கொடுத்துவிடாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு விசா கிடைக்காமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

சரி, டிக்கெட். ஜெர்மனி அணியின் சொந்த நாட்டு ஆட்டங்களுக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கமே, அதாவது டி.எஃப்.பி., தன் தளத்தில் விற்கிறது. முன்கூட்டியே ஒரு கணக்குத் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கிடையாது. முதலில் அவர்களுடைய ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு விற்பார்கள், அப்புறம்தான் பொது விற்பனை. அறிவிக்கும் நேரம் ஜெர்மனி நேரம் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். விற்பனை தொடங்கும் முன்பே உங்கள் பேங்க் ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிடுங்கள். நான் ஒரு தடவை எல்லாம் தேர்வு செய்து, சீட் கூட ஒதுக்கிய பிறகு, கார்டு மறுக்கப்பட்டு, அதைச் சரிசெய்து வருவதற்குள் கையில் இருந்த சீட் போய்விட்டது. அங்கே போன பிறகு வாங்குவதாக இருந்தால் நம்ம ஊர் சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். பயணம் போகிற பலர் அந்த ஊர் சிம்மை வாங்கிப் போட்டுவிட்டு நம்ம சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுகிறார்கள், அங்கே நிற்கும் வேலை.

முதல் நாள் கிடைக்கவில்லை என்றால் மனசை விட்டுவிடாதீர்கள். வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகளை அதே சங்கத்தின் தளத்திலேயே மறுவிற்பனைக்கு வைப்பார்கள். மேட்சுக்கு முந்தைய ஒரு வாரத்தில், அதிலும் கடைசி இரண்டு நாளில் வந்துகொண்டே இருக்கும். காலையில் டீ குடிக்கும்போது ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை என்று பாருங்கள். தனி ஆள் என்பது இங்கே உங்களுக்குப் பெரிய லாபம், ஒற்றை சீட் எப்போதும் எங்காவது மிச்சம் இருக்கும். ஆனால் வேறு எந்தத் தளத்திலும், எந்த குரூப்பிலும், மைதான வாசலில் நிற்கும் எந்த ஆளிடமும் வாங்காதீர்கள். என்னோடு வந்த நண்பர் ஒருவர் அப்படி வாங்கிய டிக்கெட்டைக் கேட்டில் காட்டியபோது, அந்த டிக்கெட்டின் பார்கோடு ஏற்கெனவே உபயோகிக்கப்பட்டுவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே டிக்கெட்டின் படத்தை நாலு பேருக்கு விற்றிருக்கிறார்கள். அவர் மைதானத்துக்கு வெளியே நின்று, உள்ளே எழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நான் உள்ளே இருந்தும் எனக்கு மேட்ச் மனசில் ஒட்டவில்லை. இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் ஃபுட்பால் டிக்கெட்டை மறுபடி விற்பதே 1994லிருந்து சட்டப்படி குற்றம். மற்ற நாடுகளில் சட்டம் எப்படி இருந்தாலும் ஏமாற்று ஒன்றுதான்.

எந்த சீட் எடுப்பது என்று கேட்டால் நான் மேல் அடுக்கைத்தான் சொல்வேன். எல்லோரும் கோட்டுக்குப் பக்கத்தில், வீரர்களின் முகம் தெரியும் இடத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே உட்கார்ந்தால் கண் மட்டத்தில் கால்களும் விளம்பரப் பலகையும்தான் தெரியும், எதிர்ப்பக்கம் நடப்பது குத்துமதிப்பாகத்தான் புரியும். மேலே ஏறி உட்கார்ந்தால் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள அந்தப் பச்சை முழுவதும் கையகலத்தில் விரியும். 22 பேரும் ஒரே பார்வையில் இருப்பார்கள். நீளப் பக்கத்து மேல் வரிசை கிடைத்தால் அருமை. கிடைக்காவிட்டால் கோலுக்குப் பின்னால் உயரமான இடம், அதுவும் குறைந்த விலைதான். எதிரணி ரசிகர்களுக்கு ஒரு மூலையில் வேலி போட்டுத் தனி இடம் இருக்கும், தெரியாமல் அந்தப் பிளாக்கில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அதேபோல் உள்ளூர்க்காரர் பக்கம் உட்கார்ந்துகொண்டு எதிரணி ஜெர்சி போடுவதும் வேண்டாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, நேரில் அப்படி என்ன இருக்கிறது என்பது. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து இல்லாத இடத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மைதானத்தில் உட்கார்ந்தால்தான், ஒரு அணி பந்தை இழந்த நொடியில் பத்துப் பேரும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று தெரியும். கடைசி நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமலே, நிட்டிங் மிஷினில் ஊசிகள் வரிசையாக ஏறி இறங்குவது போல, ஒன்றாக முன்னே வந்து ஒன்றாகப் பின்னே போவார்கள். எதிரணி ஃபார்வர்டைத் தங்கள் வரிசைக்குப் பின்னால் சிக்கவைத்து அவருக்கு வரும் பந்தைச் செல்லாமல் ஆக்கும் ஆஃப்சைடு பொறி அதுதான். டிவியில் கோடு போட்டுக் காட்டிய பிறகு புரிவது, இங்கே நடக்கும்போதே புரியும். கோல் கீப்பர் பாதி மைதானம் வரை வந்து நின்று கத்திக்கொண்டிருப்பார். ஃபார்வர்டு ஒருவர் ஒன்றுமே செய்யாமல் இரண்டு பேரைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போவார், அவர் காலி செய்த இடத்தில் இன்னொருவர் நுழைவார். நான் மேட்சின் முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்ப்பதே இல்லை, ஒரே ஒரு வீரரை மட்டும் பார்ப்பேன். செய்து பாருங்கள், நீங்கள் இத்தனை வருஷம் டிவியில் பார்த்தது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும்.

2025 மார்ச்சில் டார்ட்மண்டில் ஜெர்மனி இத்தாலி மேட்ச் நினைவிருக்கும். இத்தாலி கீப்பர் டோன்னாரும்மா கோலை விட்டு வெளியே வந்து தன் ஆட்களோடு வாக்குவாதத்தில் இருந்தார், பந்து பொறுக்கும் பையன் பந்தைச் சட்டென்று கொடுக்க, ஜெர்மனியின் கிம்மிஷ் கார்னரை உடனே அடிக்க, முசியாலா காலி கோலில் தள்ளிவிட்டார். 3-3 என்று முடிந்த மேட்ச். ஆட்டம் நின்றிருக்கிறதே என்று ஃபோனை எடுத்துப் பார்த்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், வீடியோ எடுக்காதீர்கள் தம்பி. தேசிய கீதத்தின்போது ஒரு நிமிடம் எடுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் பையில் போட்டுவிடுங்கள்.

வர்ணனை கிடையாது என்பது முதல் தடவை போகிறவருக்குப் பெரிய அதிர்ச்சி. யார் யாருக்குப் பந்து கொடுத்தார் என்று காதில் சொல்ல ஆளில்லை. மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பதினொரு பேர் பட்டியல் வந்துவிடும், அதை ஒரு துண்டுத் தாளில் நம்பரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். நடுவர் வீடியோ பார்க்கப் போனால் திரையில் எழுத்து வரும், ஆனால் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. 2024 ஜூன் 29ஆம் தேதி அதே டார்ட்மண்டில் ஜெர்மனி டென்மார்க் மேட்சில் நான் இருந்தேன், மறுவிற்பனையில் கிடைத்த ஒற்றை சீட். அந்த மைதானத்தில் வழக்கமாக 81,000 பேர் கொள்ளும், தெற்குப் பக்கம் 24,000 பேர் நின்றுகொண்டே பார்க்கும் சுவர் போன்ற ஒரு சரிவு இருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான ஆட்டம் என்றால் அங்கெல்லாம் நாற்காலி போட்டுவிடுவதால் அறுபதாயிரம் சொச்சமாகக் குறைந்துவிடும். 35ஆவது நிமிடத்தில் இடியும் மின்னலும் வந்து நடுவர் எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்விட்டார். ஆலங்கட்டி மழை. கூரையின் மூலைகளிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது, டென்மார்க் ரசிகர்கள் கொடிவேரியில் நம்ம சனம் நிற்பது போல அதற்கு அடியில் போய் நின்று ஆடினார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் அடித்தார், பக்கத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துவிட்டார்கள், பார்த்தால் ஆஃப்சைடு என்று அந்த கோல் செல்லாமல் போய்விட்டது. சில நிமிடத்தில் அதே ஆண்டர்சன் கையில் பந்து பட்டது என்று மறுமுனையில் பெனால்டி, ஜெர்மனியின் ஹாவெர்ட்ஸ் அடித்தார். முழுதாக என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. திருப்பூரில் ராத்திரி இரண்டு மணிக்கு மேலும் விழித்திருந்த என் பையன்தான் கால்விரல் அளவு ஆஃப்சைடு, பந்துக்குள் இருக்கும் சிப்பில் கை பட்டது பதிவாகியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் விளக்கினான். 2-0 என்று ஜெர்மனி வென்றது. வீட்டில் இருந்தவன் என்னைவிட அதிகம் பார்த்தான், ஆனால் அந்த மழையையும், கோல் செல்லாது என்று திரையில் வந்தபோது அறுபதாயிரம் பேர் ஒரே மூச்சை விட்டதையும் அவன் கேட்கவில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். நமக்கு விசில் என்றால் சந்தோஷம். தியேட்டரோ கிரிக்கெட்டோ, பிடித்தால் விசில் அடிப்போம். ஐரோப்பாவில் விசில் என்றால் எதிர்ப்பு, நம்ம ஊரில் கூச்சல் போட்டு விரட்டுவது மாதிரி. முதல் தடவை நான் ஒரு அழகான பாஸுக்கு இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தபோது முன் வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையா என்று வருத்தமாகக் கேட்டார். விளக்கிச் சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கி, இங்கே கைதட்டு போதும் என்றார். ஜெர்மனியில் இன்னொரு வழக்கம் உண்டு. அணி அறிவிக்கும்போது மைக்கில் முதல் பெயரை மட்டும் சொல்வார்கள், கடைசிப் பெயரைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்தும். மைக்கில் இருப்பவர் யோஷுவா என்பார், நாற்பதாயிரம் பேர் கிம்மிஷ் என்பார்கள். உங்களுக்குப் பெயர்கள் தெரியும், தயங்காமல் சேர்ந்து கத்துங்கள். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் வெளியூர் ஆள் இல்லை. இரண்டு நாட்டுக் கீதத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும், சொல்லத் தேவையில்லை.

தனியாகப் போகப் பயம் வேண்டாம். தேசிய அணி ஆட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னாலே போதும், அப்புறம் அவர் உங்களை விடமாட்டார். நான் துணித் தொழில் என்று சொல்வேன், உடனே அவர் போட்டிருக்கும் டி-சர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு தடவை அதில் இந்தியா என்று இருந்தது, அது திருப்பூர்த் துணி என்று தொட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

ஜெர்மனியில் பீர் சீட் வரைக்கும் வரும், இங்கிலாந்தில் மைதானம் கண்ணில் தெரியும் இடத்தில் குடிக்க 1985லிருந்து தடை, 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஸ்டேடியத்தில் சாதாரண ரசிகர்களுக்குப் போதை உள்ள பீர் விற்கவில்லை. நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் தண்ணீரோ பீரோ எது வாங்கினாலும் கப்புக்குத் தனியாகச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் போகும் நாட்கள் முழுக்கப் புரட்டாசி. வறுத்த சாசேஜ்தான் அங்கே எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் பன்றி. விரதம் என்றால் பிரெட்சல் என்கிற முறுக்கு மாதிரிப் பின்னிய ரொட்டியும், பொம்மஸ் என்று கேட்டால் கிடைக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கின்றன. நான் மதியமே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

ஏ4 தாளைவிடப் பெரிய பை வேண்டவே வேண்டாம், கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். லேப்டாப் பையோடு பயிற்சியிலிருந்து நேராகப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், அறைக்குப் போய் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், பாஸ்போர்ட்டோ அதன் நகலோ கையில் இருக்கட்டும். டிக்கெட் பெரும்பாலும் ஃபோனில்தான், அதனால் சார்ஜ் நூறு சதவீதம். குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள், ஐரோப்பாவில் தகுதிச் சுற்று ஆட்டம் பல நேரம் ராத்திரி 8.45க்குத்தான் தொடங்கும், செப்டம்பர் கடைசியிலும் பத்து மணிக்கு மேல் நம்ம ஊர் மார்கழிக் குளிரை மிஞ்சிவிடும். தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக மூன்று துணி ஒன்றன்மேல் ஒன்று, கால் கான்கிரீட்டில் விறைத்துப்போகும் என்பதால் நல்ல சாக்ஸ். வாசலில் விற்கும் அந்த நாட்டு மஃப்ளர் ஒன்று வாங்கிச் சுற்றிக்கொள்ளுங்கள், குளிருக்கும் ஆச்சு, ஞாபகத்துக்கும் ஆச்சு. என் வீட்டு அலமாரியில் ஏழு கிடக்கின்றன.

நான் சின்ன மேட்ச் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. 2019 செப்டம்பர் 10. தோஹாவில் ஒரு வேலையாக இருந்தேன். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அங்கே போய் வேலை பார்க்கும் என் அக்கா மகன், மாமா, இன்னைக்கு நம்ம டீம் ஆடுது, வாங்க போலாம் என்றான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, இந்தியா எதிர் கத்தார், அல் சத் கிளப்பின் ஜாசிம் பின் ஹமத் மைதானம், பெரிய அரங்கெல்லாம் இல்லை. கத்தார் அந்த வருஷம்தான் ஜப்பானை 3-1 என்று வென்று ஆசியக் கோப்பையை எடுத்திருந்தது. நாமோ ஐந்து நாள் முன்னால் குவாஹாத்தியில் ஓமனிடம் கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். போதாததற்கு நம்ம கேப்டன் சுனில் சேத்ரி உடம்பு சரியில்லாமல் ஆடவில்லை. எத்தனை கோல் வாங்கப் போகிறோமோ என்றுதான் இருவரும் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் மலையாளிகள், மேளத்தோடு வந்திருந்தார்கள். வேலை முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தவர்கள் நிறைய. ஜன கண மன ஆரம்பித்தபோது என் முன்னால் நின்ற அந்த ஆட்கள் பாடிய சத்தம், அதை நான் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேட்ச் முழுவதும் கத்தார்தான் அடித்தது. இருபது தடவைக்கு மேல் கோலை நோக்கி அடித்தார்கள். குர்ப்ரீத் சிங் சந்து அன்று கேப்டன், நம்ம கோலில் நின்றவர். இடது பக்கம் பாய்ந்து ஒன்று, வலது பக்கம் ஒன்று, காலால் ஒன்று என்று தடுத்துக்கொண்டே இருந்தார். டிவியில் பார்த்திருந்தால் ஒரு பக்க ஆட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். நேரில், மேலே உட்கார்ந்து பார்க்கும்போது நம்ம டிஃபன்ஸ் எப்படி மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து அதே வரிசையில் நிற்கிறது என்று தெரிந்தது. கடைசி இருபது நிமிடம் யாரும் உட்காரவில்லை. என் அக்கா மகன் என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள் வலித்தது. 0-0. முடிந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் உலகக் கோப்பையே எடுத்தது போல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், முன்பின் தெரியாத ஒரு கண்ணூர்க்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதே கத்தாரில் 2022 உலகக் கோப்பையில் அங்கே குடியிருப்பவர்களுக்கு 40 ரியாலுக்கு டிக்கெட் கிடைத்தது, என் அக்கா மகன் மூன்று மேட்ச் பார்த்தான். இன்றைக்கும் பேச்சு வந்தால் அவன் சொல்வது அந்த 0-0 மேட்சைத்தான்.

நம்ம ஊரிலும் இது நடக்காமல் இல்லை. 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, இந்திய கிளப்புகள் ஆடும் ஐ-லீக் தொடரின் பட்டம் எடுத்தபோது நான் கம்பெனி ஆட்கள் நாலு பேரோடு அங்கே இருந்தேன். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டுத் திரும்பி வந்து வென்றார்கள். நீங்கள் வெளிநாடு போகும் முன் கோவையிலோ கொச்சியிலோ பெங்களூரிலோ ஏதாவது ஒரு மேட்ச் நடந்தால் போய் உட்கார்ந்து வாருங்கள். மேலிருந்து பார்க்கக் கண் பழக வேண்டும், அதற்கு ஒரு மேட்சாவது ஆகும்.

திரும்பி வருவதைப் பற்றிக் கடைசியாக. 8.45 மேட்ச் முடியப் பத்தரை தாண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போவார்கள், பண்ணாரி குண்டத்துக் கூட்டம் மாதிரி இருக்கும், ஆனால் வரிசை கலையாது. அவசரப்படாமல் சீட்டிலேயே பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியூர் என்றால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும், மேட்ச் முடிந்த பிறகு இல்லை. ரயில் இல்லை என்றால் அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள், மேட்ச் தேதி அறிவித்ததுமே அறை விலை ஏறும், அதனால் திருப்பித் தரக்கூடிய அறையாக ஒன்றை முதலிலேயே பிடித்து வைக்கலாம். சில மேட்ச் டிக்கெட்டுகளிலேயே அன்றைய உள்ளூர் ரயில், பஸ் பயணமும் சேர்ந்திருக்கும், டிக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 2024 யூரோவில் 36 மணி நேரம் இலவசமாகப் போக முடிந்தது. எழுதியில்லை என்றால் தனியாக எடுத்துவிடுங்கள், அங்கே கேட் இருக்காது, ஆனால் பரிசோதகர் வருவார்.

டிக்கெட் கிடைத்ததும் எந்த ஊர், எந்தப் பிளாக் என்று எழுதுங்கள் தம்பி. எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்த வாசலில் நுழைவது என்று பார்த்துச் சொல்கிறேன்.